பத்தாம் வகுப்பிலும் மைதானம்: பிள்ளைகளின் மனநலத்துக்கு விளையாட்டைத் துணையாக்கும் முறை

ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆவதற்குள் பத்தாம் வகுப்பின் கால அட்டவணையில் ஓசையில்லாமல் ஒரு மாற்றம் நடந்துவிடும். உடற்கல்வி என்று எழுதிய கட்டம் அட்டவணையில் அப்படியே இருக்கும். அந்த நேரத்தில் வகுப்பில் நிற்பவர் மட்டும் கணக்கு ஆசிரியராகவோ அறிவியல் ஆசிரியராகவோ இருப்பார். மாலை ஐந்து மணிக்கு டியூஷன், இரவு எட்டரைக்கு வீடு, சாப்பிட்டபின் பதினொரு மணிவரை புத்தகம் என்று நாள் முழுவதும் நாற்காலியிலேயே கழியும். மதுரையிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிள்ளையின் மனம் அதிகமாக அலைக்கழியும் ஆண்டில்தான், அதைத் தாங்கிப் பிடிக்கக்கூடிய ஒன்றை நாம் முதலில் பிடுங்கிக்கொள்கிறோம். அதைப் பிடுங்காமல் வைத்துக்கொள்வதற்கும், ஏற்கெனவே விட்டுப்போயிருந்தால் மீண்டும் தொடங்குவதற்கும் என்ன செய்யலாம் என்பதைப் பன்னிரண்டு வயது முதல் கல்லூரியின் முதலாண்டு வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காகவும் என் போன்ற ஆசிரியர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

உடல் ஓடும்போது மனத்தில் நடப்பது

உடற்பயிற்சி செய்தால் எண்டார்பின் சுரக்கும், மகிழ்ச்சி வரும் என்ற ஒரு வரியைப் பலரும் கேட்டிருப்பார்கள். ஓடும்போது இரத்தத்தில் எண்டார்பின் கூடுவது உண்மைதான். ஆனால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் புகுவதில்லை என்பதால், ஓடி முடித்தபின் வரும் இதமான உணர்வுக்கு உடலே தயாரிக்கும் எண்டோகன்னபினாய்டு என்ற வேறொரு வகைப் பொருள்களுக்கும் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நரம்பணுக்கள் வளரவும் ஒன்றோடொன்று இணையவும் உதவும் ஒரு புரதம் உடற்பயிற்சியின்போது கூடுவதும் தெரிந்திருக்கிறது. வேதியியல் இவ்வளவு போதும். பெற்றோருக்கு இதைவிடப் பயன்படக்கூடிய இன்னொரு காரணம் உண்டு. அதை ஒரு கபடிக் களத்தின் ஓரத்தில் நின்றால் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

பாடிப் போகிற பையன் ஒரே மூச்சில் கபடி, கபடி என்று சொல்லிக்கொண்டே எதிரணியின் களத்துக்குள் நுழைந்து, ஆளைத் தொட்டு, முப்பது விநாடிக்குள் திரும்பிவிட வேண்டும். நடுக்கோட்டைத் தாண்டி வந்ததும் இரண்டு முட்டியிலும் கையை ஊன்றிக் குனிந்து நிற்பான். அவனுடைய விலா ஏறி இறங்குவது பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், தொடை நடுங்கும், நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டும். சிறிது நேரத்தில் எல்லாம் அடங்கும். அடுத்த முறை அவனே பாடப் போவான். அதே பையனை மார்ச் மாதத்தில் பொதுத்தேர்வு அறையில் வைத்துப் பாருங்கள். வினாத்தாள் கைக்கு வருவதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் அவன் உடம்பில் தோன்றுபவை ஏறக்குறைய இதே அடையாளங்கள்தாம். நெஞ்சுத் துடிப்பை ஒருபோதும் பழகாத பிள்ளை, அதையே ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு, 'எனக்கு ஏதோ ஆகிறது, எல்லாம் மறந்துவிடப் போகிறது' என்று அந்தப் பயத்தைக் கண்டு இன்னொரு முறை பயப்படுகிறது. வாரத்தில் நான்கு நாள் மூச்சுவாங்க விளையாடுகிற பிள்ளையின் உடம்போ, இந்தப் படபடப்பு வரும், போகும், இதனால் ஒன்றும் ஆகிவிடாது என்பதை நூறு முறை பார்த்திருக்கிறது. வாய்ச்சொல்லால் 'பயப்படாதே' என்று எத்தனை முறை சொன்னாலும் இந்தப் பழக்கத்தைத் தந்துவிட முடியாது.

உறக்கம் இரண்டாவது. பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. பகலில் வெயிலும் வெளிச்சமும் பட்டு ஓடியாடிய உடம்பு இரவில் அதை ஓரளவுக்குத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். மூன்றாவது, மனத்தின் அரைவை. ஆசிரியர் சொன்ன ஒரு சொல்லையோ நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு கேலியையோ மாவரைப்பதுபோல் மீண்டும் மீண்டும் அரைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, தன்னை நோக்கி ஷட்டில்காக் வரும் அந்த ஒரு விநாடியில் அரைப்பதற்கு நேரம் கிடைப்பதில்லை. இவற்றோடு, மதிப்பெண் பட்டியலுக்கு வெளியே தன்னை யாரோ எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது.

மகிழ்ச்சியாக இருக்கும் பிள்ளைகள்தாமே விளையாட வருவார்கள், விளையாட்டால்தான் மகிழ்ச்சி வந்தது என்று எப்படிச் சொல்வது என்று ஒருவர் கேட்கலாம், நியாயமான கேள்வி. உறவு இரண்டு பக்கமும் ஓடுகிறது என்பது உண்மை. ஆனாலும், அதுவரை அசையாமல் இருந்த இளைஞர்களைப் பயிற்சியில் சேர்த்து, சேராதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த சோதனைகளிலும் மனச்சோர்வுக் குறிகள் குறைந்திருக்கின்றன. எல்லாருக்கும் ஒரே அளவில் குறைவதில்லை. எனவே பிள்ளைகளுக்கு விளையாட்டைப் பெரிய எதிர்பார்ப்போடு மருந்து மாதிரி கொடுக்காமல், சாப்பாடு மாதிரி அன்றாடத்தில் சேர்த்துவிடுவதே நல்லது.

ஒரு மணி நேரம் எங்கிருந்து வரும்?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மிதமானது முதல் கடுமையானது வரையிலான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது அதில் நன்றாக மூச்சு வாங்கும் ஓட்டமும் தசைக்கும் எலும்புக்கும் வலு சேர்க்கும் அசைவுகளும் இருக்க வேண்டும். 146 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான ஆய்வில், 11 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 81 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை என்று தெரியவந்தது. சராசரி என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை இருபது நிமிடம்தான் கிடைத்தது என்றால் ஞாயிற்றுக்கிழமை ஈடு செய்துகொள்ளலாம். ஒன்றுமே இல்லாத நாளைவிடப் பத்து நிமிடமாவது கிடைத்த நாள் மேல். மிதமான வேகம் எது என்று அறியக் கருவி ஏதும் வேண்டாம்: பேச முடியும், பாட முடியாது என்றால் மிதம்; நான்கு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் கடுமை.

டியூஷன் போக நேரம் எங்கே இருக்கிறது என்பார்கள். பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டி எத்தனை வீடுகளில் அப்பாவின் கடைக்குப் போய்விட்டது என்று எண்ணிப் பாருங்கள். அல்லது மாடிப்படிக்கு அடியில் துணி காயும் கொடியாக நிற்கிறது. பள்ளிக்கு இருபது நிமிடத் தொலைவு என்றால், போகவும் வரவும் அதில் மிதித்தாலே நாற்பது நிமிடம் வந்துவிடும். மீதம் இருபது நிமிடத்தைப் பள்ளி விட்டதும் மைதானத்தில் கழித்துவிட்டு டியூஷனுக்குப் போகலாம். வேனில் அனுப்பியே தீர வேண்டிய நிலையில் இருப்பவர்கள் இரண்டு நிறுத்தத்துக்கு முன்பே பிள்ளையை இறங்கச் சொல்லலாம். சாலை பாதுகாப்பாக இருக்கிறதா என்று ஒரு நாள் கூடவே நடந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் வைக்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை காலை ஏழு மணிக்கு முன்பும் மாலை ஐந்தரைக்குப் பிறகும்தான் ஓட்டம்; நடுப்பகல் என்றால் நிழலில் கேரம் போர்டு. தண்ணீர், நீர்மோர், உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் ஆகியவை போதும், பாட்டில் பானங்கள் வேண்டாம். தலைவலி, வாந்தி, பேச்சில் குழப்பம் என்று கண்டால் பிள்ளையை நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை ஈரத்துணியால் நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

மனம் இல்லாத பிள்ளையை எப்படித் தொடங்க வைப்பது?

ஏற்கெனவே சோர்ந்து, அறையைச் சாத்திக்கொண்டு, கைப்பேசியோடு படுத்திருக்கும் பிள்ளையிடம் 'எழுந்து போய் விளையாடு' என்று சொல்வதில் பயனில்லை. மனம் வந்தால் எழுந்து போவேன் என்று பிள்ளை காத்திருக்கிறது. ஆனால் சோர்வில் வரிசை தலைகீழ், முதலில் கால் நகர வேண்டும், மனம் பின்னால் வரும். ஆகவே முதல் வாரத்தின் அளவு வெட்கப்படும்படிச் சிறியதாக இருக்கட்டும்: பத்து நிமிடம், அதுவும் உங்களோடு.

மதுரை மாரியம்மன் தெப்பக்குளத்தை நான் இதற்காகவே பலருக்குச் சொல்வதுண்டு. திருமலை நாயக்கர் காலத்து அந்தக் குளத்தை வெளிப்புறமாக ஒரு முறை சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். கொஞ்சம் வேகமாக நடந்தால் பதின்மூன்று நிமிடம். விடிகாலை ஐந்தரைக்கு அங்கே போனால் யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. முதியவர்கள் கைவீசி நடக்கிறார்கள், ஓரமாக யாரோ பந்தை உதைக்கிறார்கள், மரத்தடியில் அருகம்புல் சாறு விற்கிறார்கள். முகம் பார்த்துப் பேசத் தயங்கும் பிள்ளை, தோளோடு தோள் நடக்கும்போது இரண்டாவது பக்கத்தைத் திரும்பும் இடத்தில் எதையாவது தானாகத் தொடங்கும். அப்போது அறிவுரை சொல்லிவிடாதீர்கள். 'ம்' என்று கேட்டுக்கொண்டு நடங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தந்தை, மகன் பதின்மூன்றாம் நாள் முதன்முறையாக வாய் திறந்தபோது, 'இதைத்தான்டா நான் அப்பவே சொன்னேன்' என்று ஆரம்பித்தார். பதினான்காம் நாள் அவர் தனியாக நடந்தார்.

தெப்பக்குளம் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு ஊர்க் கண்மாய்க் கரை இருக்கிறது, பள்ளி மைதானம் இருக்கிறது, ஒன்றும் இல்லாவிட்டால் மொட்டை மாடியும் கயிறாட்டமும் இருக்கின்றன. கிராம ஊராட்சிகளுக்கு 2024-இல் அரசு வழங்கத் தொடங்கிய விளையாட்டு உபகரணத் தொகுப்பு உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் பூட்டிக் கிடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கேட்டால்தான் சாவி வெளியே வரும்.

ஒரு சிறு நோட்டில் பிள்ளையே இரண்டு எண்களை எழுதட்டும்: கிளம்பும் முன் மனம் பத்துக்கு எத்தனை, திரும்பியபின் எத்தனை. முன்பு மூன்று, பிறகு நான்கு என்று இரண்டு வாரம் எழுதியதைப் பார்க்கும்போது, போகப் பிடிக்காத நாளிலும் போய்வந்தபின் ஓர் எண் கூடியிருப்பது அதன் கையெழுத்திலேயே இருக்கும். அந்த நோட்டைப் பெற்றோர் கேட்டு வாங்கிப் பார்க்கக் கூடாது. ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதுபடுத்த வேண்டாம். இரண்டு நாள் தொடர்ந்து விடுவதில்லை என்பது மட்டும் வீட்டுச் சட்டமாக இருக்கட்டும்.

எந்த விளையாட்டு?

பிள்ளை எதைத் தொடர்ந்து செய்யுமோ அது. இதற்கு மேல் விதி இல்லை என்றாலும், குணத்தைப் பார்த்துச் சில யோசனைகளைச் சொல்லலாம். கூட்டத்தில் கலந்தால் மலரும் பிள்ளைக்குக் கபடி, கைப்பந்து, ஹாக்கி போன்ற குழு ஆட்டங்கள் நல்லவை. 2025 இறுதியில் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கி ஆட்டங்கள் மதுரையிலும் நடந்தபின் ஹாக்கி மட்டையைக் கேட்கும் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தோற்பதை நினைத்தாலே வியர்க்கும் பிள்ளைக்குச் சிலம்பம் பொருந்தும்: முதல் பல வாரங்களுக்கு எதிராளியே இல்லை, கம்பும் காலடியும் மட்டும்தான், வலக்கையிலிருந்து இடக்கைக்குக் கம்பு மாறும் இடத்தில் கவனம் சிதறினால் முழங்கையிலேயே அது தட்டி நினைவூட்டிவிடும். காதுகேளாத பிள்ளைக்கு இதெல்லாம் சரிவருமா என்று கேட்கும் பெற்றோருக்கு, மதுரையைச் சேர்ந்த ஜெர்லின் அனிகா 2022-இல் பிரேசிலில் நடந்த செவித்திறன் குறைந்தோருக்கான ஒலிம்பிக்கில் பேட்மிண்டனில் மூன்று தங்கம் வென்றதைச் சொன்னால் போதும்.

விளையாட்டு என்று பெயர் இல்லாததையும் தள்ளிவிடக் கூடாது. அலங்காநல்லூர், பாலமேடு பக்கத்தில் வீட்டுக் காளையைத் தினமும் நடைக்கு ஓட்டிச் சென்று கண்மாயில் நீந்தவிட்டுக் கூட்டிவரும் பையன், எந்த ஜிம்முக்கும் போகாமலே ஒரு மணி நேரத்தை முடித்துவிடுகிறான். தன்னை நம்பி ஓர் உயிர் நிற்கிறது என்ற நிறைவும் அவனுக்குக் கிடைக்கிறது. அவனிடம் போய் 'மாட்டோடு சுற்றாதே, படி' என்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வாடிவாசல் வேறு கதை. அதை இங்கே நான் பரிந்துரைக்கவில்லை.

பெண் பிள்ளைகள்

மேலே சொன்ன 81 விழுக்காட்டைப் பிரித்துப் பார்த்தால், போதிய அசைவில்லாத ஆண் பிள்ளைகள் 78 விழுக்காடு, பெண் பிள்ளைகள் 85 விழுக்காடு. நம் ஊரில் இது எந்த வயதில் தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும். ஏழாம் வகுப்பு வரை கோ-கோவில் பறந்துகொண்டிருந்த பெண், எட்டாம் வகுப்பில் சடங்கு முடிந்து திரும்பி வந்ததும் மைதானத்தின் ஓரத்தில் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கு ஆசை போய்விட்டது என்று நாம் எழுதிக்கொள்கிறோம். விசாரித்தால் காரணங்கள் மிக எளியவை: பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வராது, ஓடுவதற்கேற்ற உடை இல்லை, மாதவிலக்கு நாளில் சாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, இருட்டியபின் தனியாக வீடு திரும்ப முடியாது, சுவரேறி உட்கார்ந்து பையன்கள் பார்க்கிறார்கள். இவற்றில் ஒன்றுகூட அவளுடைய மனத்தில் இல்லை. எல்லாம் நம் கையில் இருக்கின்றன. ஒரே தெருவில் நான்கு பெண்களைச் சேர்த்து அனுப்புங்கள், ஒரு டிராக் பேண்டும் முழு டி-சர்ட்டும் வாங்கிக் கொடுங்கள், அழைத்துவரும் பொறுப்பை நான்கு வீடும் முறை வைத்து ஏற்றுக்கொள்ளுங்கள். மாதவிலக்கு நாளில் விளையாடலாமா என்றால், அவளுக்கு முடிந்தால் விளையாடலாம், முடியாவிட்டால் நடக்கலாம். தடை ஏதும் இல்லை.

ஓடிய ஐந்தாம் நிமிடத்தில் உட்கார்ந்துவிடும் பெண்ணைச் சோம்பேறி என்று சொல்லும் முன் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. களைப்பு, எரிச்சல், கவனமின்மை எல்லாம் அதிலிருந்தும் வரலாம். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரை புத்தகப்பைக்குள் போகிறதா, வயிற்றுக்குள் போகிறதா என்று கேட்பது அம்மாவின் வேலை.

ஊர் என்ன சொல்லும் என்ற கவலைக்கு நான் சொல்லும் பதில் சக்கிமங்கலம். மதுரைக்கு அருகிலுள்ள அந்த ஊரைச் சேர்ந்த ரேவதி வீரமணி சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தவர். கூலி வேலை செய்த பாட்டிதான் அவரை வளர்த்தார். வெறுங்காலோடு ஓடத் தொடங்கிய அவர், ரேஸ்கோர்ஸ் விளையாட்டரங்கத்தில் பயிற்சி பெற்று, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். எல்லாரும் ஒலிம்பிக் போக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இழப்பைச் சுமந்த ஒரு பெண் பிள்ளையை, பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாமல் மைதானத்துக்கு அனுப்பிய பாட்டியைத்தான் நினைக்கச் சொல்கிறேன்.

மைதானத்தில் நிற்கும் பெரியவர்கள்

விளையாட்டு தானாகவே நன்மை செய்துவிடாது. அதே மைதானம் ஒரு பிள்ளையின் மனத்தை உடைக்கவும் செய்யும். பெரும்பாலும் அங்கே நிற்கும் பெரியவர்களைப் பொறுத்தது அது. என் பிழையையே முதலில் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தாமதமாக வருகிறவனுக்கு மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடும் தண்டனை கொடுப்பேன். ஒழுங்கு வந்துவிட்டது என்று பெருமையாகவும் இருந்தது. ஆண்டுகள் கழித்து, பழைய மாணவர் ஒருவர் பேருந்து நிலையத்தில் சந்தித்தபோது, 'ஓட்டம்னாலே எனக்கு இப்பவும் தண்டனைதான் சார் ஞாபகம் வருது' என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கு அப்போது சர்க்கரை நோய் வந்திருந்தது. ஓட்டத்தையும் தோப்புக்கரணத்தையும் தண்டனையாகக் கொடுக்கும் ஆசிரியர், ஒரு பிள்ளை வாழ்நாள் முழுவதும் பயன்படுத்தக்கூடிய ஒன்றின் மேல் வெறுப்பைத் தடவிவிடுகிறார்.

அணி பிரிப்பதில் நடக்கும் அவமானம் அடுத்தது. இரண்டு கேப்டன்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்க, கடைசியில் மிஞ்சி நிற்கும் ஒருவன் வாரந்தோறும் அதே ஆளாக இருப்பான். அடுத்த வாரம் முதல் அவனுக்கு அந்த நேரத்தில் வயிற்றுவலி வரும், வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வான். நம் பிள்ளைகள் இதற்கு முன்பே ஒரு வழி கண்டுவைத்திருந்தார்கள். உத்தி பிரிப்பது என்று பெயர். ஏறக்குறைய சமமாக ஆடும் இருவர் இருவராகச் சேர்ந்து ஒதுங்கிப் போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு, தோளில் கைபோட்டு வந்து, 'மல்லிகை வேணுமா, பிச்சி வேணுமா' என்று கேட்பார்கள். கேட்கப்பட்ட தலைவனுக்கு யார் மல்லிகை என்று தெரியாது. அவன் பூவைக் கேட்கிறானே தவிர ஆளை ஒதுக்குவதில்லை. அணிகளும் சமமாக அமையும், யாரும் மிஞ்சியும் நிற்பதில்லை. இதைப் பள்ளி மைதானத்துக்குத் திரும்பக் கொண்டுவர ஒரு ரூபாய் செலவில்லை.

எல்லைக்கோட்டில் நின்று கத்தும் பெற்றோர் இன்னொரு வகை. ஆட்டம் முடிந்து வண்டியில் வரும்போது பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் அந்த கேட்சை ஏன் விட்டாய் என்று ஆராய்ச்சி செய்ய வேண்டாம். 'பசிக்கிதா' என்று மட்டும் கேளுங்கள். பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் வாங்கிய கோப்பைகளைப் பார்ப்பதைவிட, பிழை செய்த பிள்ளையிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்று இரண்டு மாலை ஓரமாக நின்று பாருங்கள். அடிக்கிறவர், உடம்பைக் கேலி செய்கிறவர், பெற்றோர் பார்க்க வேண்டாம் என்கிறவர் ஆகியோரிடம் மூன்றாம் நாள் அனுப்ப வேண்டாம்.

தேர்வு மாதங்கள்

ஜனவரி முதல் ஏப்ரல் வரை புதிய விளையாட்டு எதையும் தொடங்க வேண்டாம். போட்டிகளுக்கும் பெயர் கொடுக்க வேண்டாம். இருப்பதை முப்பது நிமிடமாகச் சுருக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். ஒரு சுற்று வேகமாக நடந்துவிட்டு உட்காரும்போது சிறிது நேரத்துக்குக் கவனம் கூடியிருப்பதை ஆய்வுகளிலும் பார்த்திருக்கிறார்கள் என்பதால், கடினமான பாடத்துக்கு முன்னால் அந்த நடையை வைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம். இரவு ஒன்பதுக்கு மேல் மூச்சுவாங்க ஓடினால் சில பிள்ளைகளுக்குத் தூக்கம் தள்ளிப்போகும்; அவர்களுக்குக் காலையே சரி. 'நாளைக்குப் பரீட்சைப்பா' என்று பிள்ளை சொன்னால், 'தெரியும், பதினைந்து நிமிஷத்தில் திரும்பிடலாம்' என்று செருப்பை எடுத்து வையுங்கள்.

தேர்வு முடிந்த கோடையில் மாவட்ட விளையாட்டரங்குகளில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் கோடைப் பயிற்சி முகாமில் சேர்க்கலாம். நான்கு மாதம் உட்கார்ந்திருந்த உடம்பை முதல் நாளே இரண்டு மணி நேரம் ஓட விட்டால் மூன்றாம் நாள் கால்வலியோடு ஆர்வமும் போய்விடும். முன்பே ஒரு வாரம் வீட்டருகில் நடந்து பழக்கிவிட்டு அனுப்புங்கள்.

மைதானம் போதாதபோது

இரண்டு வாரத்துக்கு மேல் நீளும் சோர்வு, தூக்கமும் சாப்பாடும் மாறிப்போவது, பிடித்த விளையாட்டையே காரணம் சொல்லாமல் கைவிடுவது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, 'நான் இல்லாமல் போனால் நல்லது' என்ற வகைப் பேச்சு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் ஓட்டத்தால் சரிசெய்துவிடலாம் என்று காத்திருக்கக் கூடாது. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று பிள்ளையிடம் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, சொல்ல ஓர் இடம் கிடைத்ததே என்ற ஆறுதல்தான் வரும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற தொலைபேசி வழி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மாநில அரசின் சுகாதார உதவி எண் 104, சிறுவர்களுக்கான உதவி எண் 1098 ஆகியவையும் உள்ளன. தேர்வு முடிவு வரும் நாளுக்கு முந்தைய இரவே இந்த எண்களைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அளவுக்கு மீறிய பயிற்சியும் ஓர் அறிகுறிதான். காய்ச்சலிலும் ஓடியே தீருவேன் என்பவள், சாப்பிட்ட ஒவ்வொரு இட்லிக்கும் கணக்குப் போட்டு ஓடுபவள், மாதவிலக்கு நின்றுபோனவள் ஆகியோரை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஜிம்மில் சேர்ந்து மூன்று மாதத்தில் தசை வளர்க்கும் பொடி, ஊசி என்று பேசத் தொடங்கும் பையனையும் அப்படியே.

சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளை மைதானத்துக்குத் திரும்பலாம்; எவ்வளவு, எப்போது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மாத்திரையை மட்டும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. உடற்கல்வி ஆசிரியரிடம் பிள்ளையின் சம்மதத்தோடு ஒரு வரி சொல்லிவைத்தால் போதும், நோயின் பெயர் அவருக்குத் தேவையில்லை. ஆசிரியர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இரண்டு மாதம் கழித்து வருகிறவனிடம் எல்லார் முன்னாலும் 'எங்கடா போயிருந்த' என்று கேட்காதீர்கள். 'தம்பி, இந்த நோட்டைப் பிடி, இன்னைக்கு ஸ்கோர் நீ எழுது' என்று கோட்டின் ஓரமாக உட்காரவையுங்கள். பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில், யாருக்காவது கால் பிசகி ஓர் ஆள் குறையும்போது, நோட்டை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு அவனே எழுந்து வருவான்.